மறுபடியும் மானிட்டர்

மானிட்டர் மறுபடியும் அலறியது. கவச உடைக்குள் வெந்துகொண்டிருந்த நர்ஸ் பானுப்பிரியா அந்தக் கொரோனா அறைக்கு ஓடினாள். அங்கே படுத்திருந்த பெரியவரோடு மாரடித்தே தன் உயிர் போய்விடும் போலிருந்தது அவளுக்கு.

"ஐயா, உங்க இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது. அசையாமப் படுங்கன்னு எத்தன வாட்டி சொல்ல?"

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி," என்றார் வீரணன். "பக்கத்துக் கட்டில்ல எம் பொண்டாட்டிக்குத்தான் காலையிலருந்து நெஞ்சு படபடங்குதாம்."

"நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகி சொந்த ஊரு மம்சாபுரம் போறவங்க, அவங்களுக்கு என்ன? எல்லாம் பயம்!"

வயரைச் சரிசெய்ய, எரிச்சலோடு அவர் போர்வையை விலக்கினாள். நெஞ்சில் ஒரு வயர்கூட இல்லை. எல்லாம் பக்கத்துக் கட்டில் போர்வைக்குள் போயிருந்தன.

"மிஷினை மாட்டுனா சரியாயிரும்னு செத்த நேரம் அவளுக்கு மாட்டிவிட்டேன். தப்பா தாயி?"

பானுப்பிரியா "டாக்டர்!" என்று கத்திக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் பாய்ந்தாள்.