மேசையில் தட்டும் சத்தம்

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் வெள்ளை விளக்குகளில் கண் கூசுகிறது. அழைப்புகளை எடுக்கும் அக்காவின் காதில், போனில் ஒரு தாய் அலறுகிறாள். குழந்தையின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதாம். குப்புறக் கிடத்தி முதுகில் தட்டச் சொல்லும்படி எல்லா அழைப்பையும் கூடவே கேட்டுக் கற்றுக்கொள்ளும் புது இயந்திரம் திரையில் எழுதிக் காட்டுகிறது. அக்கா அதை வாசிக்கிறாள். அலறுகிறவள் காதில் ஏறவில்லை. "கண்ணு, பாப்பாவை என்னன்னு கொஞ்சுவ?" என்கிறாள் அக்கா. அலறல் நிற்கிறது. "பட்டுன்னு..." "பட்டுவைக் குப்புறப் போட்டுத் தட்டு. நானும் இங்க மேசையில தட்டுறேன், கேக்குதா?" டொக், டொக் என்று விரல்முட்டி சிவக்கத் தட்டுகிறாள். வீலென்று குழந்தை அழுகிறது. "இதெல்லாம் அந்த மிஷினுக்கு வருமாக்கா? அடுத்த மாசம் நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சும்மா பயந்து சாகுறீங்க" என்று பக்கத்து இருக்கைக்காரி சிரிக்கிறாள். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது. எதிரே ஆளில்லாத நாற்காலி; அங்கே வரும் அழைப்புகளுக்கு இயந்திரமே பதில் பேசிப் பழகுகிறது. இப்போது அங்குள்ள ஒலிபெருக்கியில் இன்னொரு தாய் அலறுகிறாள், அங்கேயும் குழந்தைக்கு அடைப்பு. "கண்ணு, பாப்பாவை என்னன்னு கொஞ்சுவ?" என்று இயந்திரத்தின் குரல் கனிவாகக் கேட்கிறது. "நானும் இங்க மேசையில தட்டுறேன், கேக்குதா?" டொக், டொக். "ஐயோ, அதுக்குக் கையே இல்லையேக்கா!" என்கிறாள் பக்கத்து இருக்கைக்காரி. அந்தக் குழந்தையும் வீறிட்டு அழுகிறது, பிழைத்துவிட்டது. அக்கா தன் சிவந்த கையை, இதையும் அந்த இயந்திரம் பார்த்துவிடப் போகிறதே என்பதுபோல், மேசைக்கடியில் இழுத்துக்கொள்கிறாள்.