வியன்னாவில் நாலு நாள்

நாளொன்றுக்கு ஏழு இடம் என்று போட்டிருந்தான் சிறிதரன். காலை எட்டரைக்கு அரண்மனை, பத்தரைக்குத் தேவாலயம், பன்னிரண்டுக்குக் குதிரை வண்டி. அம்மாவுக்குக் கொட்டாவி விடக்கூட அவன் நேரம் ஒதுக்கவில்லை.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் வலி.

போன வாரந்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வியன்னாவுக்கு, சிறிதரனின் அக்கா யோகா வீட்டுக்கு வந்திருந்தாள். மெல்பேர்னுக்கு அகதியாக வந்த சிறிதரனால் ஊருக்குப் போக முடியாது. மெல்பேர்னிலிருந்து வியன்னாவுக்குப் பறந்தால், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மாவைக் காணலாம்.

கண்டால் கேட்பாள். அதுதான் பயம்.

தம்பி எங்கே?

மெல்பேர்னுக்குப் பக்கத்தில் கிரான்பர்னில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் கூரையிலிருந்து தம்பி சுஜீதன் விழுந்து செத்து ஆறு வருடமாகிறது. அந்த மாதம் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். தேறி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று யோகாவும் அவனும் பேசிக்கொண்டார்கள். பிறகு பிறகு என்று தள்ளித் தள்ளி, செத்தவனுக்கு எங்கோ பாலைவனச் சுரங்கத்தில் ஒரு வேலையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே சிக்னல் இல்லை, லீவும் இல்லை.

போனில் பொய் சொல்ல நாக்குப் போதும். நேரே இருந்து சொல்ல முகம் வேண்டும். அது அவனிடம் இல்லை.

ஆகவே இடைவெளியே விடக் கூடாது. சும்மா ஒரு கதிரையில் உட்கார்ந்தால் அம்மா கேட்டுவிடுவாள். இரண்டாம் நாள் மதியம் ஒரு மணித்தியாலம் காலியாகக் கிடந்தது. அவசரமாக ஒரு கடிகார மியூசியத்தைப் போட்டு அடைத்தான். மூன்றாம் நாள் டானூப் ஆற்றில் மூன்று மணி நேரப் படகு. படகில் பாட்டுச் சத்தமாக இருக்குமா என்று வேறு பார்த்துக்கொண்டான்.

ஞாயிறு பின்னேரம் வீடியோ கோலில் பட்டியல் முழுவதையும் மூச்சு விடாமல் வாசித்தான். யோகாவின் குசினியில் அடுப்புப் பக்கம் இருந்தபடி அம்மா தலையாட்டிக் கேட்டாள்.

"எல்லாம் நல்லது, ராசா. அந்த மூண்டாம் நாளை மட்டும் விடு. அண்டைக்கு எனக்கு விரதம்."

அவனுக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாள் முழுக்க வீட்டில் இருந்தால் தொலைந்தான். வியன்னாவுக்கு வந்தும் அப்படி என்ன விரதம் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டான்.

"ஆவணித் தேய்பிறைத் தசமி. ஆறு வரியமாப் பிடிக்கிறன். நீயும் பிடிக்கிறனிதானே, அப்பன்?"

சிறிதரன் பட்டியலைக் கீழே வைத்தான்.

வருடா வருடம் தம்பி செத்த அந்தத் திதியில் அவன் தனியே கோயிலுக்குப் போவான். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லிவிட்டு, அன்று ஒருநேரம் மட்டும் சாப்பிடுவான்.

இந்த வருடம் அது எந்தத் தேதியில் வருகிறதென்று பார்க்க மறந்திருந்தான்.