மறுக்கக் கூடாத முட்டை

"அவிச்ச முட்டையையா கொண்டு வந்தீங்க? இது திங்கிறதுக்கு இல்லம்மா, கொடுக்கிறதுக்கு. பச்சை முட்டைதான் வேணும்" என்று சிரித்தாள் சோரியானா.

கொலோமியா ஊரில் ஈஸ்டர் பண்டிகை முட்டையில் மெழுகால் சித்திரம் எழுத அவளிடம் கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவள் அந்தம்மாள்தான். பச்சை முட்டை கொடுத்ததும், அவள் எழுதியதைவிட உடைத்ததுதான் அதிகம்.

"யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"

"ஒரு பொண்ணுக்கு. அவசரப்பட்டு மனசு நோகப் பேசிட்டேன். வாங்கிக்குவாளா டீச்சர்?"

"இந்த முட்டையை யார் கொடுத்தாலும் மறுக்கக் கூடாதும்மா. என் மார்க்கோவோட அம்மாவுக்கு நானும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். 'முட்டையில கிறுக்குறவ என் வீட்டுக்கு வேண்டாம்'னு சொன்னவங்க. என்னை நேர்ல பார்த்ததுகூட இல்ல. அவங்க சம்மதிச்சாத்தான் எங்க கல்யாணம்."

அந்தம்மாள், மெழுகால் எழுதிக் கறுப்புச் சாயத்தில் முக்கியெடுத்த தன் முட்டையை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் காட்டினாள். மெழுகு உருக உருக, அதனடியிலிருந்து கோணல்மாணலாக ஒரு மான் சித்திரம் வெளியே வந்தது. அதைத் துடைத்து, சூடு ஆறுமுன் சோரியானாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மறுக்கக் கூடாதுன்னு நீயேதான் சொன்னே. எங்கே, எனக்குன்னு எழுதி வெச்சிருக்கியே, அதையும் எடு மருமகளே!"