'ஆஃப்' விளக்கு

"டிராக்‌ஷன் கண்ட்ரோல், வீலி கண்ட்ரோல்னு பைக்கை விழாம பிடிக்கற கம்ப்யூட்டர் உதவி எல்லாத்தையும் எடுத்துடு. இருநூறு குதிரைச் சக்தியையும் என் கையாலயே அடக்கறேன்," என்றான் சாம்பியன்.

மெக்கானிக் லேப்டாப்பைத் திறந்தாள். போன வருஷம் வரை அவளும் இதே டீமில் ரேஸ் ஓட்டியவள். "கம்ப்யூட்டர் தயவுல ஓட்டறவ" என்று முதலாளியிடம் வத்தி வைத்து அவளைக் கழற்றிவிட்டது இவன்தான்.

பைக்கில் 'ஆஃப்' விளக்கு எரிந்தது.

"எடுத்தாச்சு. விழுந்தா நான் பொறுப்பில்ல," என்றாள்.

அவன் முதலாவதாக வந்தான். மைக்கைப் பிடித்து, "எந்த உதவியும் இல்லாம ஜெயிச்சேன்," என்றான்.

அவள் லேப்டாப்பை முதலாளி பக்கம் திருப்பினாள். "விளக்கை மட்டும்தான் எரிய விட்டேன் சார், எதையும் எடுக்கல. விழப்போன இவரை பைக் முப்பத்தெட்டு தடவை காப்பாத்தியிருக்கு."

பிறகு அவனைப் பார்த்தாள்.

"அடுத்த ரேஸுக்கு நிஜமாவே எடுத்துடட்டுமா?"