ஒப்பாரியில் வந்த பெயர்

சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். படமொன்றுக்காக ஒப்பாரி பதிய முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன்.

“பேர் சொல்லாமல் எப்பிடித் தம்பி அழுறது?” என்றார், அழச் சம்மதித்த இராசாத்தியக்கா.

“ஊரிலை இல்லாத பேர் ஒண்டைச் சொல்லுங்கோ.”

கந்தப்பு என்று சொல்லி அழுதார்.

“ஆரம்மா கந்தப்பு? அப்பாவுக்குத் தெரியுமோ?” என்று மகன் மரியநேசன் சிரித்தான்.

பதிந்த நாடாவைப் போட்டுக் கேட்டேன். அவருடைய குரல் மரியநேசனைச் சொல்லி அழுதது. மறுபடி போட்டேன். அதே பெயர்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லைத் தம்பி! அழியுங்கோ!”

அழித்தேன்.

அன்றிரவு மகனை மீன்பிடிக்கக் கடலுக்கு விடாமல் வீட்டிலேயே படுக்கவைத்தார். விடிந்தபோது அவன் பாயில் இறந்து கிடந்தான். வாயிலிருந்து கடல்நீர் வடிந்துகொண்டிருந்தது.

கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பிவந்தார்கள். இராசாத்தியக்கா அழவில்லை. நான் கொழும்புக்குத் திரும்பினேன். படத்தில் வரும் சாவுவீட்டுக் காட்சி சத்தமில்லாமல் ஓடுகிறது.