மறுபடியும் வாஷர்

"யோவ் மெக்கானிக்கு! நீ போட்ட வாஷரு ஒரு வாரம்கூடத் தாங்கலையே. இதுக்குப் பேரு ரிப்பேரா?"

பூமாலை சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பதற்குள் அய்யாக்கண்ணு ஆரம்பித்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தைத் தொடைமேல் தூக்கி வைத்து, பிளேடால் கால் ஆணியைச் சீவிக்கொண்டிருந்தார். கை அதுபாட்டுக்குச் சீவ, வாய் அதுபாட்டுக்குத் திட்டியது.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வரை வெயிலில் மிதித்து வந்தவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "பாக்கறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தான்.

உள்ளே ராசாத்தி சோடா மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யாக்கண்ணுவின் மருமகள். புருஷன் லாரி மோதிச் செத்த பிறகு, அவன் வாங்கிப் போட்டிருந்த அந்த மிஷினை வைத்துத்தான் அவளும் மாமனாரும் கஞ்சி குடிக்கிறார்கள்.

"நீங்களே பாருங்க" என்று சக்கரத்தைச் சுற்றினாள். கேஸ், சோடா பாட்டிலுக்குள் போகாமல் குழாய் மூட்டில் புஸ்ஸென்று வெளியேறியது. கழுத்தில் நின்று அடைக்க வேண்டிய கோலி, தொபுக்கென்று பாட்டிலுக்குள்ளேயே விழுந்தது.

பூமாலை தள்ளி நின்றுதான் பார்த்தான். முதல் தடவை வந்தபோது கிட்டே போய் மூஞ்சியெல்லாம் சோடா பீச்சியடித்து, சொட்டச் சொட்ட நனைந்த ஆள் அல்லவா! அன்றைக்கு ராசாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் இன்னும் மறக்கவில்லை.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"திருமழபாடி கோயில்ல நந்தி கல்யாணத் திருவிழாவுக்குக் கடை போட எடம் புடிச்சாச்சு. அந்தக் கல்யாணத்தப் பாத்தா வருசம் திரும்பறதுக்குள்ள தனக்கும் ஆயிடும்னு, கல்யாணம் ஆவாததுங்க எல்லாம் அங்கதான் வந்து நிக்கும். அத்தன கூட்டத்துல சப்புன்னு சோடா குடுத்தா நம்ம பொழப்பு முடிஞ்சுது. எங்கண்ணன் என்னைக் குன்னத்துக்குக் கூட்டிட்டுப் போயி வெங்காயக் காட்டுல களையெடுக்க வுட்டுடுவான். அப்புறம் மாமாவ யாருங்க பாப்பா?"



பூமாலை குழாய் மூட்டைக் கழற்றினான். வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"இது தேஞ்சு கிழியலைங்க. பிளேடால கீறினது. போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான் வாயத் தொறக்கல."

"பிளேடாலயா? யாரு கீறுவா?"

"நீங்கதானோன்னு..." அவன் காது சிவந்தது.

"நானா! என் பொழப்புல நானே எதுக்குக் கீறணும்?"

"நான் வரணும்னு..."

ராசாத்தி இடுப்பில் கை வைத்தாள். "நல்ல கதையா இருக்கே! நீங்கதான் மட்டமான வாஷராப் போட்டுட்டுப் போறீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"நானா? நான் எதுக்கு?"

"ம்... திரும்ப வரதுக்குத்தான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மிஷினையே பார்த்தார்கள். மிஷின் என்ன சொல்லும், பாவம்!

"என்னடா, சத்தத்தையே காணும்? ரிப்பேர் பண்றியா, தூங்கறியா?" வெளியே அய்யாக்கண்ணு அதட்டினார்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் ராசாத்தி. "மாமாவுக்கு உங்க மேல எப்பவும் ஒரு கண்ணு. மொத நாளே எந்த ஊரு, யாரு மவன், என்ன கூட்டம், கல்யாணம் ஆச்சான்னு போலீஸ்காரரு மாதிரி கொடஞ்சு எடுத்தாரே! இதெல்லாம் காதுல வுழுந்தா உங்கள வாசப்படி ஏற வுட மாட்டாரு."

"சரிங்க. நீங்களும் இல்ல, நானும் இல்ல. அப்ப இந்தக் கொட்டகைக்குள்ள வேற யாரு வரா?"

"வேற யாரு? நானும் மாமாவும்..."

ராசாத்தி பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் விடுவிடுவென்று வெளியே போய், மாமனார் கையிலிருந்த பிளேடை வாங்கிப் பார்த்தாள். முனையில் கறுப்பாக ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா! நீங்களா? நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடலாமா?"

அய்யாக்கண்ணு நிமிரவில்லை. பாதத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"மொத தடவ அது தானாத்தான் கிழிஞ்சுது ஆத்தா. அன்னிக்கு இவன் நனைஞ்சு நின்னதப் பாத்து நீ சிரிச்ச. என் மவன் போனப்புறம் இந்த வூட்டுல நான் கேட்ட மொத சிரிப்பு அது. அதுக்கப்புறம் கிழிஞ்சதெல்லாம் நான் கிழிச்சது."

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தது அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அய்யாக்கண்ணு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பழைய குரலிலேயே கத்தினார்.

"யோவ் மெக்கானிக்கு! இந்தத் தடவ நல்ல வாஷராப் போடு, இனிமே கிழியாது. திருமழபாடியில சோடாவ நான் வித்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் முன்னால போயி நின்னு கல்யாணத்தப் பாருங்க!"