ஒரு புள்ளி துரு

“திங்கக்கிழமை காலையில இது என் கையில இருக்கணும். ஒரே ஒரு ஆளைப் பார்க்கணும், அவ்வளவுதான்” என்றபடி துண்டைப் பிரித்து ரிவால்வரை மேசைமேல் வைத்தார் சகாதேவன்.

முருகையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். பெரிய முதலியார்சாவடியில் பைக் சைலன்சருக்கும் படகுச் சாமானுக்கும் முலாம் போட்டுப் பிழைப்பவன் அவன். அவன் பட்டறைக்குத் துப்பாக்கி வருவது இதுதான் முதல் தடவை.

“ஏம்பா பயப்படுற? உள்ள குண்டு இல்ல. லைசென்ஸ் இருக்குது, பாரு. நான் பார்க்கப் போறது இன்ஸ்பெக்டரை.”

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சகாதேவன், மரக்காணத்தில் நகைக்கடன் கம்பெனி வாசலில் காவல் நிற்கிறார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருக்கும்வரைதான் அந்த வேலை. போன தடவை லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதே இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்திருந்தார். ‘அடுத்த தடவை இந்தத் துருவோட வந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியும் விட்டார்.

“துப்பாக்கிக் கடையிலயே கொடுக்கலாமே சார்?”

“மெட்ராஸ்ல கேட்டேன். மூணு மாசம் ஆகும்ங்குறான். எனக்கு நாலு நாள்தான் இருக்குது.”

வேறு துப்பாக்கி வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. சண்டையில் சுண்டுவிரலைக் கொடுத்துவிட்டு வந்த கை அவருடையது. அந்தக் கைக்கென்றே அளவெடுத்துக் கைப்பிடி கடைந்து வாங்கிய ரிவால்வர் இது. வேறு எதைப் பிடித்தாலும் நழுவும்.

“முன்ன கருப்பா இருந்துச்சு. அந்த புளூயிங் பூச்சையே திரும்பப் போட்டுடலாமா?”

“அது வெளியூர் காத்துக்குச் சரி சார். உப்பளத்துப் பக்கம் ஒரு மழைக்காலம் தாங்காது.”

“பவுடர் கோட்டிங்?”

“தடிமனா உக்காரும். அப்புறம் குண்டு போடுற இந்த உருளை சுத்தாது.”

“வெறும் நிக்கல்?”

“பளபளன்னுதான் இருக்கும். வேர்வைக் கை படப்பட மஞ்சளடிச்சிடும். அடியில நிக்கல், மேல ஹார்ட் குரோம் போட்டுக்குங்க. படகுக்காரங்களுக்கு அதான் போடுறேன். உங்க காலம் வரைக்கும் அசையாது.”

ஜன்னல் கம்பி, சைக்கிள், அரிசி டின் மூடி என்று சகாதேவன் வீட்டில் உப்புக்காற்று தின்னாத இரும்பே கிடையாது. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் செம்மண் நிறத்தில் துரு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஜென்மத்தில் இதை ஜெயிக்க முடியாது என்று அவர் கைகழுவி வெகுநாள் ஆகிறது.

மனைவி வைஜெயந்தி உப்பளத்தில் பலகை போட்டு உப்பு வாருகிறாள். பாதத்தில் வெடிப்பு வெடித்து, ஆறாத புண்ணோடு அதே உப்புத் தண்ணீரில் இறங்கி நிற்கிறாள். லைசென்ஸ் போனால் அவளை வெளியே கொண்டுவருவது இருக்கட்டும், அவரும் பக்கத்துப் பாத்தியில் இறங்க வேண்டியதுதான்.

முருகையன் டார்ச்சை அடித்துத் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தான். “ஒண்ணு சார். துரு மேல குரோம் நிக்காது, உரிஞ்சு வந்துடும். அரிச்ச இடமெல்லாம் மிஷின்ல தேய்ச்சு மட்டமாக்கணும். அடிப்பக்கம்தான் மோசமா இருக்குது. கொஞ்சம் இரும்பு போகும்.”

“போனா போகட்டும்பா. ஒரு புள்ளி கூட இருக்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு வந்தார். வைஜெயந்தி அதை இப்படியும் அப்படியும் திருப்பி, அதில் தன் முகத்தைப் பார்த்தாள். “நம்ம வீட்டுக் கண்ணாடி கூட இப்படி இல்லியே” என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

“நாளைக்குக் கையெழுத்து ஆயிடட்டும். அப்புறம் நீ உப்பளத்துக்குப் போக வேணாம்” என்றார் சகாதேவன்.

இரவு படுக்கப் போகும் முன்பு நான்கு தடவை எடுத்துப் பார்த்தார். பாவம், துருவையே தேடித் தேடிப் பழகிய கண். வேறு எதையும் தேட அதற்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் புருவத்தை உயர்த்தினார். “இப்பதான் சார் துப்பாக்கி மாதிரி இருக்குது. நல்லா செஞ்சிருக்கீங்க” என்று சொல்லி, ரைட்டர் பூவிழியிடம் கொடுத்தார். “எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்.”

சகாதேவன் சுவரோரம் அட்டென்ஷனில் நின்றார். அத்தனை வருஷ பாரமும் தோளைவிட்டு இறங்கினாற்போல் இருந்தது. வைஜெயந்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

பூவிழி லைசென்ஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் கவிழ்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் தடவினார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி துப்பாக்கியைப் பார்த்தார். எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

சகாதேவன் மேசையை நெருங்கினார். “எங்கேயாவது துரு தெரியுதுங்களா மேடம்?”

“துரு இல்ல சார். அடியில வெட்டியிருந்த துப்பாக்கி நம்பரும் இல்ல. இது உங்க துப்பாக்கின்னு நான் எப்படி எழுதறது?”